ஒன்பது பாட்டில்

2008 மே மாதத்திலிருந்து 2009 ஜூலை வரை, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவருடைய மாருதி 800 காரின் பெட்ரோல் டேங்கில் ஒன்பது பாட்டில் இன்ஜின் கிளீனர் ஊற்றினேன். பாட்டிலுக்கு 260 ரூபாய் வாங்கினேன். முதல் பாட்டில் வேண்டுமானால் அந்த வண்டிக்குப் பொருந்தியிருக்கலாம். மிச்சம் எட்டும் வீண். நான்காவது பாட்டிலின் மூடியைத் திருகும்போதே அது எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், என் வீட்டுக்காரியிடம்கூட.

பாளையங்கோட்டையில் 1994 முதல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தி பத்து வருஷம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மேஸ்திரியிடம் தொழில் பழகினேன். அம்பாசடர், பத்மினி, பிறகு மாருதி என்று நான் கை வைக்காத பழைய வண்டி கிடையாது. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் பாட்டில் விற்றேன்.

பாட்டில் எல்லாமே பொய் என்று சொல்லிவிட்டால் என் தப்பு சின்னதாகிவிடும். நானும் ஏமாந்தேன் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். அப்படி இல்லை. நல்ல கிளீனர் வேலை செய்யும். பெட்ரோல் எரிகிற இடத்திலும் அது வருகிற வழியிலும் பிசின் மாதிரி ஒரு படிவு சேரும். கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டுக்குள், இன்ஜெக்‌ஷன் வண்டியில் இன்ஜெக்டர் நுனியில், இரண்டிலும் இன்டேக் வால்வின் முதுகில். பாலி ஈதர் அமீன் என்ற சரக்கு இருக்கிற கிளீனரானால், அந்த மூலக்கூறின் ஒரு முனை படிவைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை பெட்ரோலோடு கரைந்து போகும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற அதே வேலைதான். ரொம்ப நாள் நின்ற வண்டி, ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடி ஓடிக் கரி பிடித்த வண்டி, இவற்றுக்கு முழு டேங்கில் ஒரு பாட்டில் ஊற்றி, நாலு வழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஒரே ஓட்டமாக ஓட்டிவந்தால் ஐடிலிங் சீராக நிற்பதும், பிக்கப்பில் இருந்த தயக்கம் குறைவதும் உண்மை. மிஞ்சிப்போனால் இரண்டு டேங்க். அதற்கும் மசியவில்லை என்றால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

தேய்ந்த ரிங்கை எந்தப் பாட்டிலும் வளர்க்காது. கிழிந்த பம்ப் டயபிரத்தை ஒட்டாது. கருகிய வால்வுக்கு இரும்பு முளைக்காது. ஆக்டேன் பூஸ்டரும் அப்படியே. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்காமல் பொறுத்திருக்கிற குணம். சக்தியின் அளவு இல்லை. நாக்கிங் இருக்கிற இன்ஜினுக்கு அது உதவும், இல்லாத இன்ஜினுக்கு ஊற்றினால் ஊற்றியதோடு சரி. லேபிளில் 30 பாயிண்ட் உயரும் என்று போட்டிருப்பார்கள். பத்து பாயிண்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். அதாவது மூன்று. இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். வாங்குகிறவர்களிடம் முப்பதையே சொன்னேன்.

இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்கிறேன். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் வால்வு உட்காரும் இடத்துக்குத் தனி வளையம் கிடையாது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள். அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த இடத்தில் மெல்லிசாகப் படிந்து, வால்வு அடிக்கிற அடியைத் தாங்கிக்கொடுத்தது. 1995-ல் சென்னை உள்பட நாலு பெருநகரங்களுக்கு ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் நின்றது. பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்த வக்கீல்களும் டாக்டர்களும் பயந்துபோனார்கள். பயத்தில் அர்த்தம் இருந்தது: ஈயம் இல்லாமல் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும். அந்த நேரத்தில்தான் ஈயத்துக்குப் பதில் என்று ஒரு பாட்டிலோடு விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். பொட்டாசியம் கலந்த சரக்கு. அது உதவக்கூடியதுதான். ஆனாலும் முறையான வேலை ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோய், இடத்தைக் கடைந்து, கெட்டியான வளையம் இறக்குவது. சில பேருக்கு அதைச் செய்தும் கொடுத்தேன்.

பாட்டிலை ஊற்ற ஒரு நிமிஷம். ஹெட்டை இறக்கி ஏற்ற இரண்டு நாள். பாட்டிலில் கிடைத்த லாபம் அன்று மாலையே பையில் இருந்தது. மாதம் ஒன்று போனதும், "ஈயம் போயிட்டு சார், வால்வு போயிரும்" என்று மாருதிக்காரர்களிடமும் சொல்ல ஆரம்பித்தேன். மாருதிக்கு அலுமினிய ஹெட். அதில் கெட்டியான வளையம் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. ஈயம் அதற்குத் தேவையே இல்லை. இது நான் தெரிந்து சொன்ன முதல் பொய்.

அந்த ஈயத்தின் கதையைப் பிறகுதான் படித்தேன். 1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர், டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி கலந்தால் நாக்கிங் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனைக்கு வந்தது. 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். ஈயம் என்ற சொல் பெயரில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். அப்படியும் அது உலகம் பூராவும் பரவி, கடைசியில் அல்ஜீரியாவில் 2021-ல்தான் நின்றது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பழகிய பத்து வருஷமும் அந்தப் பெட்ரோலை ரப்பர் டியூபில் வாயால் உறிஞ்சித்தான் டேங்கிலிருந்து இறக்கினேன், அதிலேயேதான் கை கழுவினேன். லேபிளில் என்ன எழுதவில்லை என்பதைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி அப்போதே எனக்கு வந்திருக்க வேண்டும்.

கணக்கு சார் விஷயத்துக்கு வருகிறேன்.

அவருடையது 1998 மாடல் வண்டி, கார்புரேட்டர். மூன்று சிலிண்டர், 796 சிசி. ரிட்டயர் ஆன பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மாதம் ஒரு தடவை அவரும் அவர் வீட்டம்மாவும் நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போய் வருவார்கள். டாஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருப்பார். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர், வகுத்து வந்த மைலேஜ், எல்லாம் மை பேனாவில் கோடு போட்டு எழுதியிருக்கும். 2008 மே மாதம் அந்த நோட்டோடு வந்தார்.

"தம்பி, பதினாறு கொடுத்துக்கிட்டிருந்த வண்டி பதினாலரைக்கு வந்துட்டு. நிக்கையில ஒரு நடுக்கமும் இருக்கு. என்னன்னு பாருங்க."

கார்பன் என்றேன். பாட்டில் ஊற்றினேன். இதில் ஒரு சூது உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டில் ஊற்றும் வண்டிக்குக் கூடவே மூன்று பிளக்கையும் கழற்றித் துடைத்து இடைவெளி வைப்பேன். ஏர் ஃபில்டருக்குக் காற்றடிப்பேன். நாலு டயரிலும் காற்று ஏற்றுவேன். இதற்கெல்லாம் லேபர் வாங்க மாட்டேன். வெறும் காற்றுக் குறைந்த டயரே மைலேஜைத் தின்றுவிடும். அதைச் சரிசெய்தாலே வண்டி லேசாக ஓடும். ஆனால் வண்டி லேசாக ஓடியதும் சார் மனதில் நின்றது பாட்டில்தான். காசு கொடுத்தது அதற்குத்தானே. காசு கொடுத்தவர் கொஞ்ச நாளைக்கு ஆக்சிலேட்டரையும் பதமாகத்தான் மிதிப்பார். நோட்டில் அடுத்த டேங்குக்கு 15.2 என்று ஏறியது. சந்தோஷமாகக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு டேங்க் கழித்து மறுபடியும் இறங்கியது. இரண்டாவது பாட்டில். அப்புறம் மூன்றாவது.

நான்காவது தடவை ஐப்பசி மழையில் வந்தார். வண்டியை ஓடவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நான் பின்பக்கம் போனேன். என் மேஸ்திரி சொல்லிக் கொடுத்த ஒரு பரீட்சை இருக்கிறது. ஒரு துண்டுப் பேப்பரைச் சைலன்சர் வாய்க்கு நேராக ஒரு விரல் கடை தள்ளிப் பிடிக்க வேண்டும். நல்ல இன்ஜினில் பேப்பர் வெளிப்பக்கமாகவே ஒரே சீராகப் பறக்கும். எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்றால், அந்த சிலிண்டர் மூச்சை உள்ளே இழுக்கும்போது சைலன்சர் வழியாகவும் இழுக்கும். பேப்பர் பறந்துகொண்டே இருந்து, திடீரென்று குழாய் வாயில் போய் 'டப்' என்று ஒட்டும்.

முதல் நாள் தினசரியில் ஒரு மூலையைக் கிழித்துப் பிடித்தேன். பறந்தது, பறந்தது, டப். மறுபடி பறந்தது, டப். நனைந்த தரையில் குத்தவைத்தபடி ஏழெட்டுத் தரம் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரு வால்வு போய்க்கொண்டிருந்தது. டேப்பெட் இடைவெளி இறுகி, வால்வு முழுசாக மூடாமல், எரிந்த காற்று அந்தச் சந்து வழியாகச் சீறிச் சீறி விளிம்பை அரித்துக்கொண்டிருந்தது. அதே நேரம் ஹெட்டை இறக்கி, வால்வை கிரைண்டிங் பண்ணி, கேஸ்கட் மாற்றியிருந்தால் அன்றைய விலையில் எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். சுவரில் கம்ப்ரஷன் கேஜ் தொங்கியது. பத்து நிமிஷத்தில் மூன்று சிலிண்டரையும் அளந்து அவரிடமே காட்டியிருக்கலாம். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ரிங்கா வால்வா என்பதும் தெரிந்துவிடும்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

"என்ன தம்பி, எதுவும் பெருசா இருக்கா?" என்று நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்.

பேப்பரைக் கசக்கினேன். "ஒண்ணும் இல்ல சார். கார்பன் இன்னும் போகல. இன்னொரு பாட்டில் போட்டா சரியாயிரும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவார் என்ற பயம் இருந்தது. பாட்டிலுக்கு 110 ரூபாய் லாபம் இருந்தது. 24 பாட்டில் பெட்டி எடுத்தால் ஒரு சுவர்க் கடிகாரம் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். இவை எல்லாம் காரணம்தான். ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்த நிமிஷம் என்னைத் தடுத்தது வேறு. வால்வு என்று இப்போது சொன்னால், அப்படியானால் போன மூன்று பாட்டில் எதற்கு என்று கேட்பார். கணக்கு வாத்தியார், கேட்காமல் விட மாட்டார். முதல் மூன்றைக் காப்பாற்ற நான்காவதை ஊற்றினேன். அப்புறம் அந்த நான்கையும் காப்பாற்ற ஐந்தாவது. ஒன்பது வரைக்கும் அப்படித்தான் போனது.

அந்த நான்காவது தடவையில் இன்னொன்றும் நடந்தது. என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் நின்று பேப்பர் ஒட்டுவதைப் பார்த்தான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பேப்பர் ஒட்டினால் என்ன அர்த்தம் என்று அதற்கு இரண்டு மாதம் முந்தி நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். நான் கேட்பதற்கு முன்னாலேயே உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான்.

2009 ஜூலையில், ஆனிக் காற்று ஓயாத நாளில், சார் நாகர்கோவிலுக்குப் புறப்பட்டார். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். காவல்கிணறு தாண்டி முப்பந்தலுக்குள் நுழைந்தால் மேற்கேயிருந்து கணவாய் வழியாக வருகிற காற்று நேரே முகத்தில் அடிக்கும். காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. நல்ல வண்டியே மூன்றாவது கியருக்கு இறங்கும். இரண்டரை சிலிண்டரில் ஓடுகிற சாருடைய வண்டியை அந்தக் காற்றில் முழு ஆக்சிலேட்டரில் பிடித்திருக்கிறார். சூடேறியது. முள்ளைக் கவனிக்கவில்லை, கவனித்தபோது பானெட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி. நிழல் இல்லாத ரோட்டோரத்தில் இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். சார் எனக்குத்தான் போன் பண்ணினார்.

லாரியில் கட்டி இழுத்து வந்தேன். அன்றைக்குத்தான் சுவரிலிருந்த கேஜை எடுத்தேன். முதல் சிலிண்டர் 150, இரண்டாவது 145, மூன்றாவது 60. ஹெட்டைத் திறந்தேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் ஒரு அரிசி அளவுக்குக் கடித்து எடுத்ததுபோல் பள்ளம். கரி பிடித்த மற்ற வால்வுகளுக்கு நடுவில் அந்தப் பள்ளம் மட்டும் வெளுத்து, நெருப்பில் வாட்டிய தகரம் மாதிரி இருந்தது. வளையமும் கருகியிருந்தது. சூடேறியதில் ஹெட் வளைந்து கேஸ்கட் ஊதியிருந்தது. இன்டேக் வால்வுகளின் முதுகு மட்டும் சுத்தமாக இருந்தது. ஒன்பது பாட்டிலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

செலவு 14,000 என்று எழுதிக் கொடுத்தேன். சார் ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்தார். மகள் வீட்டில் ஏதோ செலவு இருந்தது அப்போது. "வேண்டாம் தம்பி, இப்படியே ஒரு ஆள் பாருங்க" என்றார். அம்பதாயிரத்துக்குப் போக வேண்டிய வண்டி இருபதாயிரத்துக்குப் போனது. வண்டி எடுக்க ஆள் வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஒரு வருஷமா எவ்வளவோ பாத்தீங்க. அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்றார். டாஷ்போர்டிலிருந்து நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். அதற்குப் பிறகு அவர்கள் கார் வாங்கவில்லை. நாகர்கோவிலுக்கு பஸ்ஸில்தான் போய் வந்தார்கள்.

ஒன்பது பாட்டிலில் எனக்குக் கிடைத்தது 990 ரூபாய். கடிகாரமும் வந்தது. 2010-ல் அதைக் கழற்றிப் போட்டேன். கருகிய அந்த வால்வைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, டப்பாவில் வைத்திருந்தேன். பாட்டில் விற்பதை உடனே நிறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், இன்னும் மூன்று வருஷம் விற்றேன். குறைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பாச்சா உருண்டையைப் பெட்ரோலில் போட்டால் வண்டி பறக்கும் என்று கேள்விப்பட்டு டேங்கில் போட்டுக்கொண்டு வருகிற பையன்களை, ஜெட்டெல்லாம் படிகம் கட்டி அடைத்துவிடும் என்று திட்டி அனுப்பியிருக்கிறேன். அதே மேஜையில் பாட்டில் அடுக்கியிருந்தது. ஆறு வருஷம் ஷெட்டில் நின்ற ஒரு பத்மினிக்கு, டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் கிளீனரை ஊற்றி அனுப்பினேன். டேங்குக்குள் ஒட்டிக்கிடந்த பிசினும் துருவும் மொத்தமாகக் கிளம்பி, வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் ஃபில்டரையும் ஜெட்டையும் அடைத்தது. அதையும் பெட்ரோல் பங்க் மேல் பழி போட்டுத் தப்பித்தேன்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், பாட்டில் திரும்பி வந்துவிட்டது. பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் இருந்தது 20 ஆகிவிட்டது. பழைய வண்டிக்காரர்கள் 2000-ல் பயந்த மாதிரியே பயப்படுகிறார்கள். இந்தப் பயத்திலும் அர்த்தம் இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் கணக்குப்படி நூற்றுக்கு ஆறு, ஏழு குறைய வேண்டும். அது தண்ணீரையும் இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயபிரமும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஆனால் இழந்த சக்தியை ஒரு மூடி மருந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது. பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரையும் எத்தனாலையும் இறக்கித்தான் ஆக வேண்டும். இறுகிய ஹோஸை மாற்றத்தான் வேண்டும். ஒரு ஹோஸின் விலை, பாட்டில் விலையைவிடக் குறைவு.

போன ஆவணியில் தென்காசி ரோட்டில் ஒரு வேலையாகப் போனபோது, என்னிடம் பழகிய அந்தப் பையனுடைய ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தேன். 2012-ல் என்னிடமிருந்து போனவன். இப்போது அவனிடம் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். வாசலிலேயே கண்ணாடி அலமாரி. எத்தனாலுக்கு என்று ஒரு வரிசை, பிக்கப்புக்கு என்று ஒரு வரிசை, மைலேஜுக்கு என்று ஒரு வரிசை. கம்ப்ரஷன் கேஜ் எங்கே என்று கேட்டேன். தேடி எடுத்துக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. "அதுக்கெல்லாம் யாருக்கு அண்ணாச்சி நேரம் இருக்கு? நீங்க சொல்லிக் கொடுத்த முறைதான், முதல்ல பாட்டில், மத்ததெல்லாம் பொறவு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. என்னைக் கௌரவப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னான். காபி வாங்கிவரச் சொன்னான். குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன்.

மறுவாரம் டப்பாவிலிருந்து வால்வை எடுத்துத் துடைத்து, ஒரு கவரில் 32,340 ரூபாய் வைத்து, சார் வீட்டுக்குப் போனேன். பாட்டில் காசு 2,340, வண்டி விலையில் விழுந்த துண்டு 30,000. அம்மா தவறி நாலு வருஷமாகிறது. சாருக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதிரி விஷயத்தைச் சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்கும் கேட்டிருக்கும்.

சார் வால்வைக் கையில் வாங்கி, விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துவந்தார். தேதிவாரியாக இருந்தது, பாட்டில் ஊற்றிய நாளுக்கெல்லாம் ஓரத்தில் 'மருந்து' என்று எழுதியிருந்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் போனார். நான்காவதில் நிறுத்தி, "இதுக்கு முன்ன உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

"சந்தேகம் இருந்தது சார். பாக்கல."

"இதுல தெரியும்."

"தெரியும் சார்."

தலையை ஆட்டினார். கவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவர் அதை வாங்கிக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மறுத்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். "முப்பந்தல்ல அவ கால் வலிக்குன்னு கார் நிழல்லயே உக்காந்துட்டா" என்றார். வேறெதுவும் அதைப்பற்றிச் சொல்லவில்லை. நானும் என்ன சொல்ல?

புறப்படும்போது வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப உங்ககூட ஒரு பையன் நிப்பானே, பாட்டிலை எடுத்துட்டு வருவான். இப்ப என்ன செய்யுதான்?"

தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான் என்றேன்.

"நல்லது. அவன்கிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்" என்றேன்.